ஜிபார் நடந்த படம்

உல்கானுக்குப் படம் பார்த்தால் அழுகை வரும். சோகப் படத்துக்கு அல்ல. அதையெல்லாம் அவள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே பார்த்து முடிப்பாள். யாருமில்லாத பையன் கடைசியில் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும், அல்லது ஊரே சிரித்த பெண் மேடையேறிப் பரிசு வாங்க வேண்டும். கடைசிப் பத்து நிமிஷம் வந்துவிட்டால் தலைத்துணியின் நுனி நனைந்துவிடும், கைகள் தாமாகவே தட்டத் தொடங்கிவிடும். வீட்டில் தனியாக டிவி பார்க்கும்போதும் தட்டுவாள்.

இந்தப் பைத்தியம் சின்ன வயதில் பிடித்தது. கோடையில் ஆடுகளோடு மேல் மலைக்குப் போயிருக்கும்போது, கூட்டுப்பண்ணையின் லாரி ஒன்று படச்சுருளோடு வந்து சேரும். லாரியின் பக்கவாட்டில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் போடுவார்கள். மேய்ப்பன் மகள் டாக்டராவாள், அனாதைப் பையன் விமானம் ஓட்டுவான். உல்கான் தானும் டாக்டராகப் போவதாகப் பத்து வயதில் முடிவு செய்துவிட்டாள். பதினேழு வயதானபோது சோவியத் நாடே இல்லாமல் போனது. பண்ணை கலைந்தது, ஆடுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். இருபது வருஷமாகக் கர-பெல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவள் ஒருநாளும் அந்தப் படங்களைக் குறை சொன்னதில்லை. படத்தில் வந்த பெண்கள் படிப்புக்காகப் பனியில்கூட ஓடினார்கள், தான் ஓடவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்றே நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய கடைக்குட்டிதான் ஜிபார். பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலமில்லை. முதுகெலும்பு சரியாக மூடிக்கொள்ளவில்லை, நடக்க வாய்ப்பே கிடையாது என்று தலைநகரத்து டாக்டர் சொன்னதை உல்கான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கறுப்பு ரோமத்தையும் வெள்ளை ரோமத்தையும் சேர்த்து முறுக்கி ஒரு கயிறு திரித்தாள். குழந்தை முதல் அடி வைத்ததும் அதன் இரண்டு காலையும் அந்தக் கயிற்றால் பிணைத்து, தெருப்பிள்ளைகளை ஓடவிட்டு, முதலில் வருகிறவர் கையில் கத்தியைக் கொடுத்து அறுக்கச் செய்வது வழக்கம். கயிறு அறுந்தால் பிள்ளை இனி இடறாமல் நடக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரே தடவைதான் அறுப்பார்கள். உல்கானின் கயிறு பதினோரு வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்தது. மற்ற வீட்டுக் கயிறு அறுப்புக்கெல்லாம் அவள்தான் போய்ச் சட்டி சட்டியாகப் போர்சோக் பலகாரம் பொரித்துக் கொடுத்தாள்.

ஜிபாருக்கு அம்மாவின் கண்ணீரும் வரவில்லை, நம்பிக்கையும் வரவில்லை. வாய் மட்டும் வந்தது. அதுவும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன ஆகியிருக்குமோ!

அவளுடைய சக்கர நாற்காலி ஐந்து வயதில் கிடைத்தது. இப்போது அதில் உட்கார்ந்தால் முட்டி முன்கம்பியில் இடித்துப் புண்ணாகிறது. ஊனமுற்றோர் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அடுத்த வருஷ இலையுதிர் காலத்தில் புது நாற்காலி வரும், பட்டியலில் ஜிபாரின் பெயர் மூன்றாவது. சான்றிதழை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் உல்கான் மகளை வாடகைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு நரின் நகரத்துக்குப் போய், அவளுக்கு இன்னும் கால் வரவில்லை என்று மூன்று டாக்டர்களிடம் நிரூபித்துவிட்டு வருவாள்.

படக்காரர்கள் வந்த சேதியைக் கொண்டுவந்தது தமிரா. கிராமத்துச் சுகாதார நிலையத்தின் நர்ஸ், உல்கானைவிடப் பத்து வயது சின்னவள், எந்தச் சேதியையும் நடந்துவந்து சொன்னது கிடையாது.

"சுயுஞ்சு! அக்கா, சுயுஞ்சு!" என்று வாசலிலேயே கத்தினாள்.

நல்ல சேதிக்குப் பரிசு என்று பொருள். கேட்ட பிறகு வெறுங்கையோடு அனுப்பினால் சேதி கெட்டுப் போகும். உல்கான் என்ன ஏதென்று கேட்காமல் பிரிக்காத பட்டுத் துணி ஒன்றை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

"இப்ப சொல்லு."

"டவுனிலேருந்து டைரக்டர் வந்திருக்கான். உங்க ஜிபாரை வச்சுப் படம் எடுக்கப் போறானாம். நான்தான் கயிறு விஷயத்தைச் சொன்னேன். அப்படியே கண்ணு கலங்கிட்டான் அக்கா!"

டைரக்டரின் பெயர் எர்மெக். முப்பது வயது, மெல்லிய தாடி, நல்ல பையன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் உல்கானுக்குத் திட்டவாவது ஆள் கிடைத்திருக்கும். நடக்க முடியாத ஒரு சிறுமி விடாமல் முயற்சி செய்து, பன்னிரண்டாவது வயதில் எழுந்து நடந்து, கயிறு அறுபடுகிற கதை. ஜிபார் ஜிபாராகவே நடிப்பாள். நடக்கிற இடங்களில் மட்டும் பக்கத்து வீட்டுக் கனிஷாயின் கால்கள்.

"அந்த மலையைப் பாரு கண்ணு, நம்பிக்கையோட பாரு," என்றான் எர்மெக் முதல் நாள்.

"தினமும்தான் பாக்குறேன் அண்ணா. அது என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல," என்றாள் ஜிபார்.

படக்குழு மொத்தமும் சிரித்தது. அந்த வசனத்தையும் படத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

கயிறு அறுக்கும் காட்சிக்கு எர்மெக் நிஜக் கயிற்றைக் கேட்டான். உல்கானின் கணவன் துருஸ்பெக் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான், அந்த இரண்டு நாளிலும் அதிகம் பேச மாட்டான். அன்று பேசினான்.

"வேற கயிறு திரிச்சுக் குடு. அதைக் குடுக்காதே."

"வேற கயிறுல என்னங்க இருக்கு?"

"அது ஒருவாட்டிதான் அறுபடணும் உல்கான். அடுத்தவ காலுல கட்டி அறுக்கவா வச்சிருந்தோம்?"

அவன் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. கடைசிக் காட்சி என்று ஒன்று எடுக்கும்போது, நிஜக் கயிறு அறுபடும்போது, எங்கேயோ ஏதோ நடந்துவிடும் என்று நினைத்தாள். நாற்பத்து மூன்று வயதில், ஒரு டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்த பிறகும், அப்படித்தான் நினைத்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த படங்கள் எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

கயிற்றைக் கனிஷாயின் காலில் கட்டினார்கள். பிள்ளைகள் புல்வெளியில் ஓடிவந்தார்கள், முதலில் வந்தவன் கத்தியை வாங்கி அறுத்தான், கனிஷாயின் கால்கள் இரண்டு அடி, மூன்று அடி, நான்கு அடி வைத்தன. சுற்றி நின்றவர்கள் எல்லாம் தட்டினார்கள். உல்கான் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் ஜிபார் தன் நாற்காலியில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"என் கால் நல்லாத்தான் நடக்குதும்மா. கனிஷாய் உடம்புல இருக்கு, அவ்ளோதான்," என்றாள்.

உல்கான் அன்று சமையலறைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

படம் அடுத்த மார்ச்சில் வெளியானது. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'இது உண்மைக் கதை' என்று வந்தது. தலைநகரம் பிஷ்கெக்கில் மூன்று வாரம் ஓடியது, பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை வரிசை வரிசையாகக் கூட்டிப்போனார்கள். நரினில் கலாச்சார மாளிகையில் போட்டபோது நிற்க இடமில்லை. முன்பின் தெரியாத தாய்மார்கள் எங்கெங்கிருந்தோ நம்பரைப் பிடித்து உல்கானுக்குப் போன் செய்தார்கள். எந்தத் தர்காவுக்குப் போனீங்க, எந்த எண்ணெய் தேச்சீங்க, என் பையனுக்கும் எட்டு வயசாச்சு அக்கா என்றார்கள். படத்துக்காக அப்படி எடுத்தது என்று அவள் சொன்னால், சொல்ல இஷ்டமில்லையா, பரவாயில்லை என்று வருத்தத்தோடு வைத்துவிடுவார்கள். அவளும் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் வைத்திருப்பாள்.

ஏப்ரலில் வழக்கம்போல மகளைத் தூக்கிக்கொண்டு நரினுக்குப் போனாள். சான்றிதழ் கொடுக்கும் மருத்துவக் குழுவின் தலைவி புதியவள், ஐம்பது வயது டாக்டர் அம்மா, பருத்த கைகள், இளகிய மனசு. உள்ளே நுழைந்ததும் எழுந்து ஓடிவந்து ஜிபாரைக் கட்டிக்கொண்டாள்.

"நம்ம நட்சத்திரம்! ரெண்டுவாட்டி பாத்தேன் கண்ணு. ரெண்டுவாட்டியும் அழுதேன். எங்கே, எழுந்து வா, நம்ம டாக்டருங்க பாக்கட்டும்."

"எழுந்திரிக்க மாட்டேன் டாக்டர்," என்றாள் ஜிபார்.

"வெக்கமா?"

"காலு."

உல்கான் குறுக்கே வந்தாள். "அம்மா, அது இவ காலு இல்லீங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு காலு. படத்துக்காக அப்படி எடுத்தாங்க."

தலைவியின் முகம் விழுந்துவிட்டது. ஏமாந்துபோன முகம், உல்கானுக்கே பாவமாக இருந்தது.

"கடைசியில உண்மைக் கதைன்னு போட்டிருந்துதேம்மா."

"போட்டாங்க. நான் போடச் சொல்லலைங்க."

"எக்ஸ்ரே?"

"கோப்புல இருக்குங்களே."

"இது அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. படம் போன வருஷம் எடுத்தது." தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. நாடே பாத்திருக்கு, இந்தப் பொண்ணு நடக்குறதை. நாளைக்கு மேலேருந்து ஒருத்தன் வந்து, நடக்குற பொண்ணுக்கு எப்படி சான்றிதழ் குடுத்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? இங்க எக்ஸ்ரே மிஷினும் ரிப்பேர்ல கெடக்கு. படக்காரங்ககிட்டேருந்து ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க, கால் வேற பொண்ணோடதுன்னு. ஜூன் வரைக்கும் கோப்பை மூடாம வச்சிருக்கேன்."

"நீங்க இப்பவே காலைத் தொட்டுப் பாருங்களேன்," என்றாள் உல்கான்.

தலைவி தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம், அக்கறையாகத்தான் பார்த்தாள். பிறகு ஜிபாரின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

"மனசுல உறுதி வேணும் கண்ணு. படத்துல எவ்ளோ உறுதியா இருந்தே!"

திரும்பி வரும்போது காரில் ஜிபார் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது உல்கானைத் தலைவியின் பேச்சைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

அன்றே எர்மெக்குக்குப் போன் போட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, என் சொந்த அக்கா மாதிரி நினைச்சுச் சொல்றேன். படம் வெளிநாட்டு விழாவுக்குப் போகுது. இப்ப நான் கையெழுத்துப் போட்டு, கால் வேற பொண்ணோடதுன்னு கடுதாசி குடுத்தா, நாளைக்கே அதை யாராவது போட்டோ எடுத்து நெட்ல போடுவான். படமே பொய்னு ஆயிடும். எத்தனை பிள்ளைங்க இதைப் பாத்துத் தைரியமா இருக்கு தெரியுமா? ஒரே ஒரு மாசம் பொறுங்க. ஏதாச்சும் அனுப்புறேன்."

எத்தனை பிள்ளைகள் தைரியமாக இருக்கிறார்கள் என்றதும் உல்கான் சரி என்று போனை வைத்துவிட்டாள். அவளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்தவள்தானே.

ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது. நீளமான உருளை. கடுதாசிக்கு எதற்கு இவ்வளவு பெரிய உறை என்று நினைத்துக்கொண்டே பிரித்தாள். உள்ளே படத்தின் போஸ்டர். புல்வெளியில் ஜிபார் நேராக நின்று, கையை விரித்து, மலையைப் பார்த்துச் சிரிக்கிறாள். முகம் ஜிபாருடையது, மீதி கனிஷாய். ஓரத்தில் எர்மெக் கையெழுத்துப் போட்டிருந்தான், அந்த ஒரு கையெழுத்துதான் அவனிடமிருந்து வந்தது.

உல்கான் அதைச் சுருட்டி மறைக்கப் பார்த்தாள்.

"மாட்டும்மா," என்றாள் ஜிபார். "நான் நிக்கிறது எப்படி இருக்குன்னு நானும் பாத்துக்கிறேன்."

மே இருபத்தைந்தாம் தேதி, பள்ளி ஆண்டு முடிந்து கடைசி மணி அடிக்கும் நாள். தலைமை ஆசிரியர் ஒரோஸ்பெக் உடற்பயிற்சிக் கூடத்தில் திரை கட்டி அந்தப் படத்தையே போட ஏற்பாடு செய்தார். மாவட்டப் பத்திரிகைக்காரனையும் வரச் சொல்லியிருந்தார். ஜிபார் வரமாட்டேன் என்றாள். உல்கான் கெஞ்சினாள், தலைமை ஆசிரியரிடம் வேலை பார்க்கிறவள், வேறென்ன செய்வாள்? வெள்ளை கவுன் ஒன்றைப் போட்டுவிட்டாள், கால் தெரியாத நீளத்தில், மற்ற பெண்களைப் போல.

விருந்தாளிகளுக்குப் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்ததால் படத்தின் முன்பாதியை உல்கான் பார்க்கவில்லை. கடைசிப் பத்து நிமிஷத்துக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்றாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் பிள்ளைகள் ஓடிவருகிறார்கள், கத்தி மின்னுகிறது, இசை எழுகிறது. அவளுடைய மகள் எழுந்து நிற்கிறாள். எல்லாம் தெரிந்தவள் உல்கான், கயிற்றைத் திரித்தவள், படப்பிடிப்பில் கனிஷாயின் கால்களுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவள். அவளுக்கும் கண்ணீர் கொட்டியது. கைகள் தட்டின.

விளக்கு போட்டதும் யாரோ கூப்பிட்டார்கள்: "ஜிபார்! எழுந்திரு ஜிபார்!"

பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். இது கர-பெல் கிராமம். ஜிபாரைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள், பனிக்காலத்தில் அவளைச் சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு போனவர்கள், நாற்காலி சேற்றில் மாட்டினால் தூக்கிவிடுகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண்ணில் ஈரமும் நெஞ்சில் இசையும் இருக்கும்போது தெரிந்தது எங்கே நிற்கிறது? தாள கதியில் கைதட்டிக்கொண்டு "எழு! எழு!" என்றார்கள், அத்தனையும் பாசத்தில். கோபத்தில் கூப்பிட்டிருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

ஒரோஸ்பெக் ஒரு பக்கமும் உடற்பயிற்சி ஆசிரியர் இன்னொரு பக்கமும் வந்து ஜிபாரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். வெள்ளை கவுன் தரைவரை தொங்கியது. யாரோ அவள் கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். ஜிபார் கூட்டத்துக்கு மேலாக அம்மாவைத் தேடினாள். உல்கான் "விடுங்க! வலிக்கும் அவளுக்கு!" என்று கத்திக்கொண்டே ஆட்களை விலக்கினாள். கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை, வழிவிட்டவர்கள் அவளையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் பத்திரிகைக்காரன் படம் எடுத்து முடித்திருந்தான்.

"நீயும் தட்டினேல்லம்மா?" என்று ஜிபார் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

உல்கான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தட்டினேன்," என்றாள்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம். உல்கான் வாசலில் கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜிபார் நிழலில், முட்டிக்கும் கம்பிக்கும் நடுவே பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருமுனையிலிருந்தே தமிராவின் குரல் கேட்டது.

"சுயுஞ்சு! அக்கா, சுயுஞ்சு!"

உல்கான் கம்பளத்தை விட்டுவிட்டு ஓடினாள். கடுதாசி வந்துவிட்டதா? எர்மெக் மனசு மாறிவிட்டானா? சான்றிதழா? உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கக்கூடப் பொறுமையில்லை. தலையிலிருந்த துணியை அவிழ்த்தாள், படம் வெளியான அன்று துருஸ்பெக் வாங்கிக் கொடுத்த நீலத் துணி, அதைத் தமிராவின் தோளில் போட்டாள்.

"சொல்லுடி!"

தமிரா மூச்சு வாங்கிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தாள். "நரினிலேருந்து முடிவு வந்திருக்கு. 'சுயமாக நிற்பது உறுதிசெய்யப்பட்டதால் ஊனமுற்றோர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது.' பேப்பர்ல வந்த போட்டோவையும் சேர்த்து வச்சிருக்காங்க, இதோ பாருங்க, எவ்ளோ அழகா நிக்கிறா! இனிமே வருஷா வருஷம் நரினுக்கு அலைய வேண்டாம் அக்கா. நிரந்தரமா முடிஞ்சுது!"

உல்கான் காகிதத்தை வாங்கவில்லை.

"நாற்காலி?" என்று ஜிபார் கேட்டாள்.

"நாற்காலி எதுக்குடி இனிமே, அதான் நீ..." என்று திரும்பிய தமிராவின் கண் ஜிபாரின் முட்டியில் வைத்திருந்த துணியில் போய் நின்றது. அந்தப் புண்ணுக்கு மாதத்துக்கு இரண்டு தடவை மருந்து போடுகிறவளே அவள்தான். ஓடிவந்த முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"அக்கா... நான்... நல்ல சேதின்னு நினைச்சேன் அக்கா. பேரு நீக்கியாச்சுன்னு பாத்ததும்... எனக்கு என்ன தோணிச்சுன்னே தெரியல."

அவசர அவசரமாகத் துணியைத் தோளிலிருந்து எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. எனக்கு வேணாம். வாங்கிக்கோங்க."

"சுயுஞ்சுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது தமிரா."

"வாங்கிக்கோங்க அக்கா, உங்க கால்ல விழறேன்."

"கூடாது," என்றாள் உல்கான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட யாரும் இல்லை. படம் பார்த்து அழுத டாக்டர் அம்மா, பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுத்த எர்மெக், கைதட்டிய ஊர், கயிற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தான். ஒருத்தரும் கெடுதல் நினைக்கவில்லை.

தமிரா துணியை மார்போடு வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். உல்கான் வெறுந்தலையோடு போய் மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நழுவியிருந்த பழைய துணியை எடுத்து மறுபடி மடித்து முட்டிக்கும் கம்பிக்கும் நடுவே வைத்தாள். துணி ஒரு மடிப்புக்கு மேல் உள்ளே போகவில்லை.